டெபாசிட்டுக்குக் கட்சி கிடையாது

2017 டிசம்பரில் ஒரு மாலை, கரூரில் போர்வை வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். பல வருடங்களாக அவருக்குக் கணக்கு பார்ப்பவன் நான். உட்காருவதற்கு முன்பே செல்போனை நீட்டினார். வங்கி நொடித்தால் நம் டெபாசிட்டை எடுத்தே கடனை அடைத்துக்கொள்ளுமாம், அதற்குச் சட்டம் வருகிறதாம் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தி. படித்துவிட்டு, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க, பயப்படாதீங்க" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தவர், "ஏனுங்க ஆடிட்டர், நீங்களும் அவங்க கட்சிதானுங்களா?" என்று கேட்டார்.

அடுத்த வாரமே எட்டு லட்சம் ரூபாய் எஃப்.டி.யை முறித்து, உறவுக்காரர் ஒருவர் நடத்திய பைனான்ஸில் போட்டுவிட்டார். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. ஒன்றரை வருடம் மாதம் தவறாமல் வந்தது. அப்புறம் ஒரு நாள் கடை பூட்டிக் கிடந்தது. கையில் இருந்தது ஒரு புரோநோட்டு மட்டும்.

அவர் பயந்ததில் தப்பில்லை என்று இப்போது நினைக்கிறேன். தப்பு என் பதிலில் இருந்தது. அந்தச் செய்தியில் எது உண்மை, எது மிகை என்று பிரித்துச் சொல்லாமல் "ஒண்ணும் ஆகாது" என்றேன். அது ஆடிட்டர் சொன்ன பதிலாக அவர் காதில் விழவில்லை, கட்சிக்காரன் சொன்ன பதிலாகத்தான் விழுந்தது.

அந்தச் செய்தி முழுப் பொய்யும் அல்ல. நிதித் தீர்வு மற்றும் வைப்புத்தொகைக் காப்பீட்டு மசோதா 2017 ஆகஸ்டில் மக்களவையில் வந்தது. அதன் 52ஆம் பிரிவு, நொடிக்கும் வங்கியைக் காப்பாற்ற அந்த வங்கி தர வேண்டிய கடன்களைக் குறைக்கவோ, பங்காக மாற்றவோ இடம் கொடுத்தது. நாம் போடும் டெபாசிட்டும் வங்கிக்குக் கடன்தான். காப்பீடு உள்ள தொகையை, அதாவது வங்கி விழுந்தாலும் டெபாசிட்காரருக்குத் திருப்பித் தர வேண்டிய அளவை, தொட முடியாது என்று மசோதாவிலேயே இருந்தது. ஆனால் அன்றைக்குக் காப்பீடு எவ்வளவு? ஒரு லட்சம் ரூபாய். 1993இல் வைத்த அளவு, 24 வருடமாக அப்படியே கிடந்தது. சைப்ரஸில் 2013இல் பெரிய டெபாசிட்டுகளில் கைவைத்ததும் நடந்த கதைதான். அங்கே பாங்க் ஆஃப் சைப்ரஸில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு, அந்த மேல் தொகையில் 47.5 சதவீதம் வங்கிப் பங்காக மாறிப்போனது. போதாததற்கு, 2016 நவம்பர் 8 இரவு நடந்ததை நம் ஊரில் யாரும் மறந்திருக்கவில்லை. சொந்தப் பணத்துக்கு வரிசையில் நின்றவர்களிடம் ஒரு வருடம் கழித்து "அரசு அப்படியெல்லாம் செய்யாது" என்றால் எப்படி நம்புவார்கள்?

ஆளும் கட்சிக்காரர்கள் எல்லாம் வதந்தி என்றார்கள். எதிர்த்தவர்கள் எல்லாமே போச்சு என்றார்கள். டெபாசிட்காரருக்குத் தேவைப்பட்ட அந்த ஒரு லட்சம் என்ற எண்ணை இரண்டு பக்கமும் சத்தமாகச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. 2018 ஆகஸ்டில் மசோதாவையே திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

பயத்துக்கு நேர்மாறான குருட்டு நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். "நம்ம ஆட்சியில ஒரு பேங்க்கூட விழாது" என்று இருப்பவர்கள் உண்டு. "நம்ம ஊர் பேங்க், அதுக்கு ஒண்ணும் வராது" என்பதும் அதே குணம்தான். 1926இல் கரூர் வியாபாரிகள் சேர்ந்து தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதைக் கட்டுப்பாட்டு நடவடிக்கைக்குள், அதாவது பலவீனமான வங்கிகளுக்கான தனிக் கண்காணிப்புக்குள், கொண்டுவந்தது. அடுத்த மாதம், வேறொரு நிறுவனத்துடன் இணையும் திட்டத்தை நிராகரித்தது. 2020 செப்டம்பரில் பங்குதாரர்களே வாக்களித்து ஏழு இயக்குநர்களை வெளியே அனுப்பினார்கள். எல்லாம் செய்தித்தாளில் வந்தவை, ஒளிவுமறைவு கிடையாது. நவம்பர் 17, தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், மாலை ஆறு மணி முதல் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று உத்தரவு வந்தது. அன்று இரவு என் போன் ஓயவே இல்லை. டெபாசிட்காரர்கள் தப்பித்தார்கள், பத்தே நாளில் வங்கி, சிங்கப்பூர் டி.பி.எஸ். வங்கியின் இந்திய நிறுவனத்துடன் இணைந்தது. பங்குகளின் மதிப்பு மட்டும் சுத்தமாகப் பூஜ்யம்.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரே வங்கி, ஒரே நாள். டெபாசிட் வைத்தவருக்கு முழுப் பணம், பங்கு வைத்தவருக்கு ஒன்றுமில்லை. அதே 2020 மார்ச்சில் யெஸ் வங்கியிலும் இப்படித்தான். 50,000 ரூபாய்க் கட்டுப்பாடு இரண்டு வாரத்துக்குள் நீங்கியது. ஆனால் அந்த வங்கியின் ஏ.டி.1 பத்திரங்கள், அதாவது வங்கி சிக்கலில் விழுந்தால் பணம் திரும்பாமலே போகலாம் என்ற நிபந்தனையோடு விற்கும் கடன் பத்திரங்கள், 8,415 கோடி ரூபாய் அளவுக்கு மதிப்பே இல்லாமல் அழிக்கப்பட்டன. எஃப்.டி.யைவிடக் கொஞ்சம் கூடுதல் வட்டி என்று நம்பி அவற்றை வாங்கிய முதியவர்கள் அதில் இருந்தார்கள். அதை எதிர்த்துப் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நெருக்கடி வந்தால் யார் முதலில் இழப்பார்கள் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் கையில் இருக்கும் தாள் எந்த வகை என்பதுதான்.

2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியில் முதல் உத்தரவு ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாது என்பது. அதில் பட்ட அடிக்குப் பிறகுதான் 2020 பிப்ரவரியில் காப்பீடு ஐந்து லட்சம் ஆனது. 2021இல் சட்டத்தைத் திருத்தி, வங்கிக்குக் கட்டுப்பாடு விதித்த 90 நாளுக்குள் காப்பீட்டுப் பணம் தர வேண்டும் என்றார்கள்.

அந்த ஐந்து லட்சத்தைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அசலும் வட்டியும் சேர்த்துத்தான் ஐந்து லட்சம். ஒரே வங்கியின் மூன்று கிளைகளில் பிரித்துப் போட்டாலும் எல்லாம் ஒரே கணக்காகத்தான் சேரும். வேறு வங்கியில் போட்டால் தனி. கணவர் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று, இருவரும் கூட்டாக ஒன்று என்று இருந்தால், ஒரே வங்கியிலேயே மூன்றும் தனித்தனி. இதைக் கேட்டதும் சிலர் உடனே எல்லாவற்றையும் முறிக்கக் கிளம்புகிறார்கள். வேண்டாம். முதிர்வு வரும்போது ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டால் போதும், முன்கூட்டி முறித்தால் வட்டிதான் குறையும்.

பைனான்ஸ், சீட்டு, நகைக்கடையின் மாதாந்திரத் திட்டம், இவற்றுக்கு இந்தக் காப்பீடு இல்லை. வங்கி மேல் கோபம் வந்து பணத்தை எடுப்பவர்கள் பெரும்பாலும் போய்ச் சேருவது இந்த இடங்களுக்குத்தான். ஆருத்ரா என்ற சென்னை நிதி நிறுவனத்தின் மோசடி வழக்கில் 2,400 கோடி ரூபாய்க்கு மேல், சுமார் ஒரு லட்சம் பேரிடம் வசூலித்ததாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொன்னது. மாதத்துக்கு 25 முதல் 30 சதவீதம் வட்டி என்பது வாக்குறுதி. வங்கியைச் சந்தேகப்படும் அளவுக்கு இந்த வட்டியையும் நாம் சந்தேகப்பட வேண்டாமா?

இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். அமெரிக்கக் கடன், டாலர் கதை, அடுத்த வருடம் உலகமே முடங்கும் என்ற வீடியோ. பேசுபவர் எந்தக் கட்சி என்று இரண்டாவது நிமிடத்தில் தெரிந்துவிடும். "பயப்படாதீங்க" என்று நான் இப்போது யாரிடமும் சொல்வதில்லை. பாஸ்புக், எஃப்.டி. ரசீது, பத்திரம் எல்லாவற்றையும் எடுத்துவாருங்கள் என்கிறேன். ஒரு தாளில் நான்கு பத்தி போடுகிறோம்: பணம் எங்கே, யார் பெயரில், என்ன வகை, நாமினி யார். நெருக்கடி எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. இந்தத் தாளில் எந்த இடம் பலவீனம் என்று என்னால் காட்ட முடியும்.

போர்வைக்கடைப் பெரியவர் போன மாதம் வந்தார். இந்த முறை செல்போனோடு மஞ்சள் பையும் இருந்தது. ஐந்து ரசீது எடுத்துவைத்தார். நான்கு வங்கி ரசீது. ஐந்தாவது கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கத்தில் போட்டது.

"இது சொசைட்டி பேங்க்தானுங்க" என்றார்.

"சங்கமுங்க, பேங்க் இல்லீங்க. அந்த அஞ்சு லட்சக் காப்பீடு இதுக்கு வராது" என்றேன்.

ரசீதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்சியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. முதிர்வுத் தேதி எது என்று காட்டச் சொன்னார்.