அமெரிக்காவில் போஸ்ட்டாக்: இரண்டு வருட வரி விலக்கில் ஒளிந்திருக்கும் பொறி

போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி வேலை) சேர்ந்த முதல் வாரமே, சம்பளம் போடும் பேரோல் ஆபீஸில் 8233 படிவத்தை, அதாவது ஒப்பந்தப்படி வரி பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் படிவத்தை, நீட்டுவார்கள். "இந்தியாவா? இரண்டு வருடத்துக்கு உங்களுக்கு வருமான வரி கிடையாது, இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். சந்தோஷமாகப் போட்டுவிடுவோம். எனக்குத் தெரிந்த ஒருவரும் போட்டார். புராஜெக்ட் முடியவில்லை என்று பேராசிரியர் கேட்டுக்கொள்ள, இரண்டு வருடம் முடிந்து மேலும் சில மாதம் தங்கினார். முழு வரியையும் வட்டியோடு கட்டச் சொன்னபோதுதான், கையெழுத்துப் போட்டது எதற்கு என்று அவருக்குப் புரிந்தது. பேரோல் ஆபீஸ் சொன்ன பதில்: "நாங்கள் வரி ஆலோசனை தருவதில்லை."

இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தம் 1989-இல் கையெழுத்தானது. அதன் 22-ஆம் பிரிவுதான் இந்த விலக்கைத் தருகிறது. வருவதற்கு முன்பு நீங்கள் இந்தியாவில் வசிப்பவராக இருந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகம் போன்ற கல்வி நிறுவனத்தில் ஆராய்ச்சியோ கற்பித்தலோ செய்ய வந்திருக்க வேண்டும். ஆராய்ச்சி பொதுநலனுக்காக இருக்க வேண்டும், தனியாருடைய லாபத்துக்காக அல்ல. அமெரிக்காவிலேயே பிஎச்.டி. முடித்துவிட்டு அப்படியே போஸ்ட்டாக் ஆகிறவர்கள் முதல் நிபந்தனையிலேயே மாட்டுவார்கள்.

பொறி இருப்பது காலக் கணக்கில்தான். வேறு பல நாடுகளின் ஒப்பந்தங்களில் இரண்டு வருடம் தாண்டினால் விலக்கு அதோடு நிற்கும், அனுபவித்தது அனுபவித்ததுதான். இந்தியாவுக்கு அப்படி இல்லை. தங்கல் இரண்டு வருடத்தைத் தாண்டினால் முதல் நாளிலிருந்தே விலக்கு போய்விடும். நடுவில் ஊருக்கு வந்துபோனாலும், பல்கலைக்கழகம் மாறினாலும் கணக்கு புதிதாகத் தொடங்காது. ஜே-1 (ஆராய்ச்சியாளர்கள் வரும் பரிமாற்ற விசா) இலிருந்து எச்-1பி (வேலை விசா) க்கு மாறினாலும் தப்பிக்க முடியாது. இரு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து ஒத்துக்கொண்டால் விலக்கு நிற்கும் என்று ஒரு வாசகம் உண்டு. அதை நம்பி நீட்டிப்பில் கையெழுத்துப் போடாதீர்கள்.

எவ்வளவு பணம் என்று பார்த்துவிடலாம். சம்பளம் 60,000 டாலர், தனி ஆள், நான்-ரெசிடென்ட் (வரிக் கணக்கில் அமெரிக்காவில் வசிக்காதவர்). நமக்கு ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன், அதாவது வருமானத்தில் எல்லோருக்கும் கழிக்கும் நிலையான தொகை, கிடையாது (இந்திய மாணவர்களுக்கு உண்டு, ஆராய்ச்சியாளர்களுக்கு இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம்). 2024 விகிதப்படி வரி வருடத்துக்கு 8,253 டாலர். இரண்டு வருடத்துக்கு 16,000-த்துக்கு மேல், வட்டி தனி.

அதனால் முதலில் டிஎஸ்-2019-இல் (ஜே-1 விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் சான்று) போட்டிருக்கும் முடிவுத் தேதியைப் பாருங்கள். அது இரண்டு வருடத்துக்கு மேல் என்றால் 8233-ஐத் தொடவே வேண்டாம். இரண்டு வருடத்துக்குள் இருந்து, நீட்டிப்பு வரலாம் என்று சந்தேகம் இருந்தாலும் வரியைப் பிடிக்கவே விடுங்கள். இரண்டு வருடத்துக்குள் நிஜமாகவே கிளம்பிவிட்டால், 1040-எக்ஸ் (திருத்திய ரிட்டர்ன்) போட்டு ரீஃபண்ட் கேட்கலாம், ரிட்டர்ன் தாக்கல் செய்ததிலிருந்து மூன்று வருடம் அவகாசம். ரீஃபண்டுக்குக் காத்திருப்பது எரிச்சல்தான், ஆனால் செலவழித்த பணத்தைத் திருப்பிக் கட்டுவதைவிட நிம்மதி. ஏற்கெனவே விலக்கு வாங்கிவிட்டவர்கள் அந்த வரித்தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள்.

விலக்கு வேண்டும் என்று தீர்மானித்தவர்களுக்கு ஆபீஸ் அலைச்சல் காத்திருக்கிறது. 8233-ஐ ஒவ்வொரு காலண்டர் வருடமும் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஜனவரியில் மறந்தால் வரி பிடிப்பார்கள், யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் (வரிக்கும் வேலைக்கும் தேவையான அமெரிக்க அடையாள எண்) வரும்வரை படிவம் நகராது. அதுவரை பிடித்த பணம் ஏப்ரல் 15-க்குள் 1040-என்ஆர் (நான்-ரெசிடென்ட்டுக்கான ரிட்டர்ன்) போடும்போதுதான் திரும்பும். ஆஃபர் லெட்டரையும் கவனியுங்கள்: சம்பளம் என்று இல்லாமல் ஃபெலோஷிப் (உதவித்தொகை) என்று இருந்தால், அது அமெரிக்கப் பணம் என்றால், 22-ஆம் பிரிவு உதவாது.

அடுத்த குழப்பம் காலண்டர். ஜே-1 ஆராய்ச்சியாளர் இரண்டு காலண்டர் வருடத்துக்குத்தான் நான்-ரெசிடென்ட். 2024 டிசம்பர் 28-இல் இறங்கினாலும் 2024 முழு வருடமாகவே கணக்கில் வரும். 2026 ஜனவரியில் நீங்கள் வரிக் கணக்கில் ரெசிடென்ட், சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதிய வரி), மெடிகேர் (முதியோர் மருத்துவ வரி) இரண்டும் சேர்த்து 7.65 சதவீதம் பிடிக்கத் தொடங்குவார்கள். அது நியாயம். ஆனால் அதோடு "நீங்கள் ரெசிடென்ட், ஒப்பந்தம் இனி கிடையாது" என்று வருமான வரி விலக்கையும் நிறுத்துவார்கள், அது தவறு. கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) இல்லாதவருக்கு 22-ஆம் பிரிவு தொடரும் என்று ஒப்பந்தத்தின் முதல் பிரிவிலேயே இருக்கிறது. 8233-க்குப் பதிலாக டபிள்யூ-9 (ரெசிடென்ட் ஆனவர்கள் கொடுக்கும்) படிவத்தோடு ஒரு விளக்கக் குறிப்பை இணைத்துக் கொடுங்கள். கவுன்டரில் வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள், மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

அப்புறம் மாநில வரி. கலிபோர்னியா, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா ஆகியவை இந்த ஒப்பந்தத்தை ஏற்பதில்லை. ஃபெடரல் வரி பூஜ்யம் என்று பேஸ்லிப்பைப் பார்த்து சும்மா இருந்துவிட்டு, மாநில ரிட்டர்னை விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.