பழைய வீட்டு கவுன்சில் டாக்ஸ் பாக்கி திடீரென்று தேடி வந்தால்

வீடு மாறி இரண்டு வருடம் ஆகியிருக்கும். சாவியை ஏஜெண்டிடம் கொடுத்ததோடு அந்தக் கணக்கு முடிந்தது என்று இருப்பீர்கள். ஒரு நாள் புது விலாசத்துக்குக் கடிதம் வருகிறது: பழைய வீட்டுக்கு 840 பவுண்ட் கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி கவுன்சிலுக்குக் கட்டும் வீட்டு வரி) பாக்கி, உடனே கட்டுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு ஆள் வரும். அனுப்பியது கவுன்சில்கூட இல்லை, பெயரே கேள்விப்படாத ஒரு வசூல் கம்பெனி. லண்டனில் ஆறு மாதம் ஈஸ்ட் ஹாம், ஒரு வருடம் ஹேரோ, அப்புறம் வேலை கிடைத்த ஊர் என்று வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் நம்மவர்களுக்கு இது புதிதல்ல.

கடிதத்தைப் பார்த்ததும் சிலர் பயந்துபோய் அன்றைக்கே கார்டை எடுத்துக் கட்டிவிடுகிறார்கள். சிலர் 'நான்தான் அங்கே இல்லையே' என்று கிழித்துப் போடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். கடன் உங்களுடையதுதானா, அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கட்டுவதா வழக்காடுவதா என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

நான் சொல்வது முக்கியமாக இங்கிலாந்து விதிகள். வேல்ஸிலும் பெரும்பாலும் இதேதான். ஸ்காட்லாந்தில் வசூல் நடைமுறை வேறு. வட அயர்லாந்தில் கவுன்சில் டாக்ஸே கிடையாது, அங்கே 'ரேட்ஸ்' என்ற வேறு வீட்டு வரி.

இவ்வளவு தாமதமாகத் தெரிவது ஏன்

கவுன்சில் தனக்குக் கடைசியாகத் தெரிந்த விலாசத்துக்குத் தபால் அனுப்பினால் போதும், அது உங்களுக்குக் கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் படித்தீர்களா என்பது கேள்வியே இல்லை. எனவே நீங்கள் போன பிறகு முடிவுக் கணக்கு பில், கடைசி எச்சரிக்கை, மாஜிஸ்ட்ரேட் கோர்ட் சம்மன் என்று எல்லாமே பழைய வீட்டுக் கதவின் துளை வழியாக உள்ளே விழுந்துகொண்டிருக்கும். புதிதாகக் குடிவந்தவர் அதை எடுத்துக் குப்பையில் போட்டிருப்பார். அவர்மேல் தப்பு சொல்லவும் முடியாது.

சம்மனுக்கு யாரும் வராவிட்டால் கோர்ட் 'லயபிலிட்டி ஆர்டர்' கொடுத்துவிடும். இந்தப் பாக்கிக்கு நீங்கள்தான் பொறுப்பு என்ற உத்தரவு அது. ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு மொத்தமாகக் கொடுப்பது சாதாரணம். அந்த உத்தரவு கையில் இருந்தால்தான் கவுன்சிலால் உங்கள் சம்பளத்தில் பிடிக்கவோ பெய்லிஃப் (பாக்கிக்காக வீட்டுக்கு வந்து பொருளைக் கைப்பற்ற அதிகாரமுள்ள வசூல் ஆள்) கம்பெனியிடம் கொடுக்கவோ முடியும். உங்கள் புது விலாசத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது அந்தக் கம்பெனிதான். அதனால்தான் முதல் கடிதமே கடைசிக் கட்டத்துக் கடிதமாக வந்து நிற்கிறது.

முதல் போன் கவுன்சிலுக்கு

வசூல் கம்பெனிக்கு அல்ல. கவுன்சிலின் எண்ணையும் கடிதத்தில் இருந்து எடுக்காதீர்கள், கவுன்சிலின் இணையதளத்தில் இருந்து எடுங்கள். இந்தப் பெயரில் மோசடிக் கடிதங்களும் உலவுகின்றன. எந்த வீடு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, டாக்ஸ் எவ்வளவு, கோர்ட் செலவு எவ்வளவு, யார் யார் பெயரில் பில் போட்டார்கள், லயபிலிட்டி ஆர்டர் வாங்கியாகிவிட்டதா, என்றைக்கு, எந்தக் கோர்ட்டில், கடிதங்கள் எந்த விலாசத்துக்குப் போயின என்று கேளுங்கள். கேட்டதை மெயிலிலும் அனுப்பி, பதில் வரும்வரை பெய்லிஃபை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். நிறுத்தியே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனாலும் கேட்டால் பல கவுன்சில்கள் செய்கின்றன.

இது உங்கள் கடன்தானா

பெரும்பாலான குழப்பம் தேதியில் இருக்கும். நீங்கள் மார்ச்சில் வெளியேறியிருப்பீர்கள், கவுன்சில் ஆகஸ்ட் வரை கணக்குப் போட்டிருக்கும், ஏனென்றால் போவதை யாருமே அவர்களிடம் சொல்லவில்லை. வாடகை ஒப்பந்தம், சாவி கொடுத்த மெயில், டெபாசிட் திரும்பி வந்த பேங்க் வரி, கடைசி கரண்ட் பில், புது வீட்டின் கவுன்சில் டாக்ஸ் பில் ஆகியவற்றைத் தேடி எடுங்கள். புது வீட்டு பில்லைப் போல வலுவான ஆதாரம் வேறில்லை என்பேன். அதே தேதியில் நீங்கள் வேறு இடத்தில் குடியிருந்து டாக்ஸும் கட்டியிருப்பது அதில் தெரியும்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. ஆறு மாதமோ அதற்கு மேலோ காலம் குறித்து ஒப்பந்தம் போட்டுவிட்டு நடுவில் வெளியேறினால், நீங்கள் அங்கே குடியிருக்காவிட்டாலும் ஒப்பந்தம் முடியும் நாள்வரை டாக்ஸ் உங்கள் தலையில் விழலாம். வீட்டுக்காரர் முன்னதாகவே முடித்துக்கொள்ளச் சம்மதித்திருந்தாலோ, இடையில் வேறொருவர் குடிவந்திருந்தாலோ கதை மாறும். 'சரி, 15ஆம் தேதியோடு முடித்துக்கொள்ளலாம்' என்று ஏஜெண்ட் எழுதிய ஒரு வரி மெயில் பல நூறு பவுண்ட் பெறும்.

அடுத்தது, வீட்டைப் பங்குபோட்டு இருந்தவர்கள். நான்கு பேரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் நால்வருமே முழுத் தொகைக்கும் பொறுப்பு. 'என் கால்பங்கைக் கட்டிவிட்டேன்' என்பது கவுன்சிலிடம் செல்லாது. அகப்பட்ட ஒருவரிடமே மொத்தத்தையும் கேட்கலாம், மற்றவர்களிடம் வாங்கிக்கொள்வது உங்கள் பாடு. ஆளுக்கொரு ரூமைத் தனித்தனியாக வீட்டுக்காரரிடம் வாடகைக்கு எடுத்திருந்தால் பொதுவாக டாக்ஸுக்குப் பொறுப்பு வீட்டுக்காரர்தான். வாடகையில் எல்லாம் அடக்கம் என்று சொல்லி மாதாமாதம் வாங்கியவர், கவுன்சிலிடம் உங்கள் பெயரைக் கொடுத்திருக்கவும் வாய்ப்புண்டு. அந்த நேரத்தில் ரூம் வாடகை ஒப்பந்தம்தான் உங்களைக் காப்பாற்றும். வாய்ப்பேச்சாக ரூம் எடுத்தவர்கள் வாடகை கட்டிய பேங்க் கணக்கையும் வாட்ஸ்அப் பேச்சையும் காட்டவேண்டியிருக்கும்.

படிக்க வந்தவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். குறைந்தது ஒரு கல்வியாண்டு, வருடத்தில் 24 வாரம், வாரத்துக்கு 21 மணி நேரம் என்ற அளவுக்குக் குறையாத படிப்பில் இருப்பவர் முழுநேர மாணவர். வீட்டில் எல்லோருமே அப்படியென்றால் டாக்ஸே இல்லை. ஒருவர் மட்டும் வேலைக்குப் போகிறவர் என்றால் அவருக்கு 25 சதவீதம் தள்ளுபடி, மாணவர்களுக்குப் பொறுப்பு இல்லை. மாணவரின் கணவனோ மனைவியோ பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாதவராக இருந்து, விசா நிபந்தனைப்படி வேலை செய்யவோ அரசு உதவி வாங்கவோ கூடாது என்றிருந்தால், அவரையும் கணக்கில் சேர்க்கக்கூடாது. 'வேலை செய்யவோ, உதவி வாங்கவோ' என்பதில் இரண்டில் ஒன்று போதும். டிபெண்டன்ட் விசாவில் (மாணவரின் குடும்பத்தினர் என்ற விசாவில்) வேலைக்குப் போகிறவரும் இதில் வரலாம். சில கவுன்சில்களின் முன்வரிசை ஊழியர்களுக்கே இது தெரிவதில்லை.

மாணவர் என்ற சான்றிதழைப் பல்கலைக்கழகத்திடம் சீக்கிரம் வாங்குங்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் கொடுக்கவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

தனியாக இருந்த காலத்துக்கும் அதே 25 சதவீதத் தள்ளுபடி உண்டு. அப்போது கேட்காமல் விட்டிருந்தாலும் இப்போது பழைய தேதியிலிருந்து கேளுங்கள். விசாவில் இருப்பவர்கள் இங்கே ஒரு வித்தியாசத்தை மறக்கக்கூடாது. ஒற்றை ஆள் தள்ளுபடியும் மாணவர் விலக்கும் 'பொது நிதி' (பல விசாக்களில் வாங்கக்கூடாது என்றிருக்கும் அரசு உதவி) இல்லை, தாராளமாகக் கேட்கலாம். வருமானம் குறைந்தவர்களுக்கான கவுன்சில் டாக்ஸ் ரிடக்ஷன் பொது நிதிப் பட்டியலில் இருக்கிறது. விசாவில் பொது நிதி கூடாது என்றிருப்பவர்கள் அதற்கு விண்ணப்பிக்கக்கூடாது. கவுன்சில் ஊழியரே 'இதற்குப் போட்டுப் பாருங்களேன்' என்று சொன்னாலும் யோசியுங்கள்.

மறுப்பது எப்படி

நான் பொறுப்பில்லை, அல்லது தேதி தப்பு, தள்ளுபடி தரவில்லை என்றால் ஆதாரத்தோடு கவுன்சிலுக்கு எழுத்தில் மேல்முறையீடு செய்யுங்கள். பதில் சொல்ல அவர்களுக்கு இரண்டு மாதம். மறுத்தால் அந்தப் பதிலிலிருந்து இரண்டு மாதத்துக்குள் வேல்யுவேஷன் டிரிப்யூனலுக்குப் போகலாம். பதிலே வராவிட்டால் நீங்கள் முதலில் எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் போகவேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. டாக்ஸுக்கு யார் பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்லும் இடம் இதுதான், மாஜிஸ்ட்ரேட் கோர்ட் அல்ல. பலர் கோர்ட்டில் போய் 'நான் அங்கே குடியிருக்கவில்லை' என்று வாதாடி ஏமாந்து திரும்புவது இதனால்தான்.

லயபிலிட்டி ஆர்டர் ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் அதை ரத்து செய்ய இரண்டு வழி. சுலபமான வழி, ஆதாரத்தைக் காட்டி, கவுன்சிலையே கோர்ட்டில் ரத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்வது. அவர்கள் மறுத்தால் நீங்களே மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டைக் கேட்கலாம். பொறுப்பைப் பற்றி உண்மையான, வாதிடத்தக்க தகராறு இருக்கவேண்டும், உத்தரவு பெற்ற முறையில் பெரிய கோளாறு நடந்திருக்கவேண்டும், தெரிந்ததும் தாமதமில்லாமல் வந்திருக்கவேண்டும். இந்த மூன்றையும் கோர்ட் பார்க்கும். புது விலாசத்தை நீங்கள் கவுன்சிலுக்குச் சொல்லியிருந்தும் சம்மனைப் பழைய வீட்டுக்கே அனுப்பினார்கள் என்றால் உங்கள் பக்கம் பலம். சொல்லவே இல்லை என்றால் கஷ்டம்தான்.

ஆறு வருடக் கணக்கைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பணம் கட்டவேண்டியதாகி ஆறு வருடம் கடந்தபின் கவுன்சில் லயபிலிட்டி ஆர்டருக்கு விண்ணப்பிக்க முடியாது. அதற்குள் ஆர்டரை வாங்கி வைத்திருந்தால் ஆறு வருடம் தாண்டியதாலேயே அது காலாவதி ஆகாது. 'பத்து வருஷப் பழசு, செல்லாது' என்று நண்பர் சொன்னார் என்பதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். ஆர்டரின் தேதியைக் கேளுங்கள்.

கடன் உங்களுடையதுதான் என்றால்

சரி, கட்டித்தான் ஆகவேண்டும். எத்தனை மாதத்தில் என்பதைப் பேசலாம். வரவு செலவை எழுதிக்கொடுத்துத் தவணை கேளுங்கள், கேட்பது கவுன்சிலிடமாக இருந்தால் நல்லது. கடும் கஷ்டத்தில் இருப்பவர்களுக்குத் தொகையைக் குறைக்கவோ முழுவதுமே தள்ளவோ 1992ஆம் ஆண்டு உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 13ஏ பிரிவு கவுன்சிலுக்கு அதிகாரம் தருகிறது. அந்தப் பிரிவின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். விசாவில் இருப்பவர்கள் அதற்குமுன் ஒரு குடிவரவு ஆலோசகரிடம் கேட்டுக்கொள்வது பத்திரம்.

பேசாமல் விட்டால் கவுன்சில் உங்கள் முதலாளிக்கே எழுதிச் சம்பளத்தில் பிடிக்கலாம். இங்கிலாந்தில் கைக்கு வரும் மாதச் சம்பளம் 2,020 பவுண்டுக்கு மேல் என்றால், அந்த 2,020க்கு 17 சதவீதம், அதற்கு மேலுள்ளதில் பாதி போய்விடும். 2,600 கைக்கு வரும் ஒரு நர்ஸுக்கு இது மாதம் 633 பவுண்டுக்கு மேல். இந்தக் கணக்கைப் பார்த்தபிறகு, தவணை பேசிக்கொள்வது எவ்வளவோ தேவலை என்று தோன்றும்.

பெய்லிஃப் வழி என்றால் கட்டணமும் சேரும். 2014இல் வகுத்த விதிப்படி, வழக்கு அவர்கள் கைக்குப் போனதும் 75 பவுண்ட், வீட்டுக்கு வந்தால் இன்னும் 235. இங்கே கவனிக்க ஒன்று உண்டு. கவுன்சிலின் கடிதங்கள் பழைய விலாசத்துக்குப் போனாலும் செல்லும். பெய்லிஃப் தரும் முன்னறிவிப்பைத் தபாலில் அனுப்பினால், நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்துக்குத்தான் அனுப்பவேண்டும். அதைப் பழைய வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பழைய வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டியதற்கு 235 கேட்டால், அந்தக் கட்டணத்தை நீக்கச் சொல்லிக் கவுன்சிலுக்கு எழுதுங்கள். ஒத்துவராவிட்டால் உள்ளாட்சி ஒம்புட்ஸ்மனிடம் (கவுன்சில்கள்மேல் வரும் புகார்களை விசாரிக்கும் அமைப்பு) முறையிடலாம்.

கதவைத் திறக்கவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. கவுன்சில் டாக்ஸுக்காக முதல் தடவை வரும் பெய்லிஃப் கதவை உடைத்து உள்ளே வர முடியாது. நீங்களாக உள்ளே விட்டுப் பொருள்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அடுத்த முறை நிலைமை வேறு. வெளியே நிற்கும் கார்மேல் மட்டும் ஒரு கண் இருக்கட்டும், அதன் சக்கரத்தைப் பூட்ட அவர்கள் வீட்டுக்குள் வரவேண்டியதில்லை.

வேறு கடன்களும் சேர்ந்து கழுத்தை நெரித்தால் 'பிரீதிங் ஸ்பேஸ்' கேளுங்கள். 2021 மே மாதம் வந்த திட்டம் இது. 60 நாளுக்கு வசூல் நடவடிக்கை நிற்கும், கவுன்சில் டாக்ஸ் பாக்கியும் அதில் அடங்கும். நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, கடன் ஆலோசகர் வழியாகத்தான். ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகியவை காசு வாங்காமல் செய்பவை.

ஜெயிலா என்று பயப்படுகிறவர்களுக்கு: வேல்ஸில் 2019இலேயே எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் சட்டப்படி மூன்று மாதம்வரை இருக்கிறது, ஆனால் பணம் இருந்தும் வேண்டுமென்றே கட்டவில்லை, அல்லது கடும் அலட்சியம் என்று கோர்ட் தனியாக விசாரித்து முடிவு செய்தால்தான். லயபிலிட்டி ஆர்டர் உங்கள் கிரெடிட் பதிவில் ஏறாது, குற்றப் பதிவும் ஆகாது.

இன்னொன்று. போன் போட்டுப் பழைய கணக்கைத் திறக்கச் சொல்லும்போது, அதற்கு முன்னால் இருந்த வீடுகளின் கணக்கையும் அந்தந்த கவுன்சிலில் கேட்டுவிடுங்கள். டைரக்ட் டெபிட்டில் கூடுதலாகப் போய், வெளியேறிய தேதிக்குப் பிறகான பணம் கவுன்சிலிடமே தங்கியிருப்பதும் நடக்கிறது. அதைத் திருப்பித் தர உங்கள் புது விலாசத்தைத் தேடி யாரும் வரமாட்டார்கள்.