தோல் தடிப்பு அல்ல, தோல் இறுக்கம்

‘நோய் எதிர்ப்புச் சக்தி குறைவதால் வரும் தோல் தடிப்பு நோய்.’ ஸ்க்ளெரோடெர்மாவுக்குக் கோலாலம்பூரில் நம்மவர்களிடையே சுற்றிவரும் விளக்கம் இது. வாட்ஸாப்பில் வருகிறது, மருத்துவ முகாம் பதாகையில் வருகிறது, வானொலிப் பேட்டியிலும் வருகிறது. ஒரே வரியில் இரண்டு பிழைகள். எதிர்ப்புச் சக்தி குறைந்து இந்த நோய் வருவதில்லை. ‘தடிப்பு’ என்ற சொல்லும் இந்த நோய்க்கு உரியது இல்லை.

சொல்லின் பிறப்பு எளியது. கிரேக்கத்தில் ‘ஸ்க்ளெரோஸ்’ என்றால் கெட்டி, ‘டெர்மா’ என்றால் தோல். 1753இல் நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் கார்லோ குர்ஸியோ, தோல் முழுக்க இறுகிப்போன ஓர் இளம்பெண்ணைப் பற்றி எழுதிவைத்தார். 1847இல் பிரெஞ்சு மருத்துவர் ஜின்ட்ராக் இந்த நோயை ‘ஸ்க்ளெரோடெர்மி’ என்று அழைத்தார். நோய் தோலோடு நிற்காமல் நுரையீரல், உணவுக்குழாய், சிறுநீரகம் என்று உள்ளே இறங்குவது தெரிந்த பிறகு ‘சிஸ்டமிக் ஸ்க்ளெரோசிஸ்’ என்ற பெயரும் சேர்ந்தது.

இனி ‘தடிப்பு’. இந்தச் சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே வேலை இருக்கிறது. கொசு கடித்தால் தடிப்பு. இறால் ஒத்துக்கொள்ளாவிட்டால் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பும், அரிக்கும், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். மருந்துக்கடையில் செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரை வாங்கினால் போதும். ஸ்க்ளெரோடெர்மாவின் தொடக்கம் இப்படி இருக்காது. விரல்கள் உப்பி, மோதிரம் கழல மறுக்கும். ஏசி போட்ட எல்ஆர்டி ரயிலிலோ பேரங்காடியின் உறைபொருள் பகுதியிலோ விரல் நுனி வெளுத்து, நீலமாகி, பிறகு சிவக்கும். இதற்கு ரேனோ நிகழ்வு என்று பெயர். வெயில் ஊரில் இது எப்படி வரும் என்று பலர் தட்டிக்கழிக்கிறார்கள். நம் ஊரில் குளிர் ஏசியில்தான் இருக்கிறது. இந்த அறிகுறிகள் உள்ளவரிடம் ‘தடிப்பு நோய்’ என்று சொன்னால் அவர் ஒவ்வாமை மாத்திரையைத்தான் தேடிப் போவார். நோய் உடலுக்குள் வேகமாகப் பரவுவது முதல் சில ஆண்டுகளில். அந்த மாதங்கள் செட்டிரிசினோடு கழிவது சின்ன இழப்பல்ல.

மருத்துவர்களே தோல் ‘தடித்திருக்கிறது’ என்றுதானே அளக்கிறார்கள் என்று ‘தடிப்பு’க்கு வாதாடுவோர் கேட்பார்கள். அளப்பது உண்மை. ராட்னன் அளவை என்பது அதன் பெயர். முகம், நெஞ்சு, வயிறு, இரு பக்கமும் மேற்கை, முன்கை, புறங்கை, விரல்கள், தொடை, கீழ்க்கால், பாதம் என்று 17 இடங்களில் மருத்துவர் இரு விரல்களுக்கு நடுவே தோலைக் கிள்ளி மடித்துப் பார்ப்பார். எளிதாக மடிந்தால் 0. கொஞ்சம் கனம் தெரிந்தால் 1. மடிப்பதே சிரமமானால் 2. மடிக்கவே வராமல், அடித்தசையோடு ஒட்டி நகராமல் நின்றால் 3. உச்சம் 51. இதில் விரலுக்குத் தெரிவது கனம் மட்டுமா? தோல் மடியுமா, நகருமா என்பதும்தான். மடியாமை, நகராமை இரண்டையும் ‘தடிப்பு’ சொல்லாது, ‘இறுக்கம்’ சொல்லும்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுவே முதன்மையானது. இந்த நோயின் தோல் மூன்று கட்டங்களைக் கடக்கிறது. முதலில் வீங்கும், அடுத்து கெட்டியாகும், கடைசியில் மெலியும். மூன்றாம் கட்டத்தில் தோல் மெல்லியதாகி, எலும்போடு ஒட்டி, விரல் மூட்டுகளின் மேல் பளபளத்து, புண்ணாகக்கூட வெடிக்கும். மெலிந்துபோன தோலை வைத்துக்கொண்டு ‘தடிப்பு நோய்’ என்று எப்படிச் சொல்வது? நோயாளிகளைக் கேளுங்கள்: “தோலு இழுத்துப் பிடிக்குது”, “வாயை முழுசா திறக்க முடியல”, “விரல மடக்க வரல”. அவர்கள் வாயில் இருப்பதும் இறுக்கம்தான்.

‘தோல் மரப்பு’ என்ற ஆக்கமும் காதில் விழுகிறது. மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கு வழங்கும் ‘தண்டுவட மரப்பு’ என்ற பெயரிலிருந்து வந்திருக்க வேண்டும். மரத்துப்போவது என்றால் நம் பேச்சில் உணர்ச்சி போவது. உணர்ச்சியற்ற தோல் என்றால் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவு வருவது தொழுநோய். தொற்றாத நோய் ஒன்றின் மேல் அந்தப் பழியை ஏற்றுவது கொடுமை.

இந்த நோயில் திசுவுக்குள் நார் குவிந்து கெட்டியாவதைக் குறிக்கும் ஃபைப்ரோசிஸ் என்ற சொல்லுக்கு வருவோம். இதை ‘நார்க்கட்டி’ என்று எழுதுபவர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டும். நார்க்கட்டி கருப்பையில் வருவது. அது தனித்து நிற்கும் கட்டி, வெட்டி எடுக்கலாம். ஃபைப்ரோசிஸை வெட்டி எடுக்க முடியாது, ஏனென்றால் திசுவே நாராகிக்கொண்டிருக்கிறது. ‘இழைநார் வளர்ச்சி’ என்பதும் எனக்கு ஒப்பவில்லை. இழை, நார் இரண்டும் ஒரே பொருளைத்தான் சொல்கின்றன. இலங்கைத் தமிழில் ‘இழையம்’ என்றால் திசு என்பதால் குழப்பம் இன்னும் கூடும். ‘வளர்ச்சி’ நல்லதற்குச் சொல்வது. நார்ப்பெருக்கம் என்றால் தீர்ந்தது: வாழைநார் உரித்தவருக்கும் புரியும்.

இந்த நாரைப் பெருக்குவது யார்? பெரும்பாலான விளக்கங்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. முதல் அடி விழுவது நுண்ணிய இரத்தக்குழாய்களின் உட்சுவரில். அங்கே சேதமானதும் எதிர்ப்பு மண்டலத்தின் வெள்ளணுக்களான டி அணுக்களும் மேக்ரோஃபேஜ்களும் தோலுக்குள் குவிகின்றன. டி அணுக்களில் ஒரு வகை இன்டர்லூக்கின் 4, 13 ஆகிய சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கிறது. இன்டர்லூக்கின் 6உம் கூடுகிறது. இன்னொரு வகை வெள்ளணுவான பி அணுக்கள், கிருமிகளைத் தாக்கவேண்டிய ஆன்டிபாடி புரதங்களை உடலின் சொந்தப் புரதங்களுக்கு எதிராகவே செய்கின்றன. இரத்தப் பரிசோதனையில் தேடப்படும் சென்ட்ரோமியர், டோப்போஐசோமரேஸ் 1, ஆர்என்ஏ பாலிமரேஸ் 3 எதிர்ப்பு ஆன்டிபாடிகள் இவைதான். இந்தக் கிளர்ச்சியில் டிஜிஎஃப் பீட்டா என்ற புரதம் முடுக்கம் பெறுகிறது. வழக்கமாக அது செல்களுக்கு இடையே பூட்டிய நிலையில் கிடப்பது. பூட்டு கழன்றதும், நார் செய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களுக்கு அதன் கட்டளை போகிறது: கொலாஜன் என்ற நார்ப்புரதம் செய். முதலாம், மூன்றாம் வகைக் கொலாஜன் குவியத் தொடங்குகிறது.

அந்த ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் மயோஃபைப்ரோபிளாஸ்ட்டாக மாறுகின்றன. தசையில் இருக்கும் ஆக்டின் புரத வகை ஒன்று அவற்றுக்குள் உருவாகிறது. அதனால் அவை நாரைச் சுரப்பதோடு, சுரந்த நாரைப் பிடித்து இழுக்கவும் செய்கின்றன. காயம் ஆறும்போதும் இப்படித்தான் நடக்கும். ஆனால் அங்கே வேலை முடிந்ததும் அவை மடிந்துவிடும். இங்கே மடிவதில்லை. மேலும், கெட்டியான திசுவே அருகிலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளை உசுப்பிவிடுகிறது. ஆகவே எதிர்ப்பு மண்டலத்தைப் பிந்தி அடக்கினால் பலன் குறைவு, நார் தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் நிலைக்கு வந்திருக்கும். ‘இறுக்கம்’ என்ற சொல் செல்லின் வேலைக்கே பொருந்துகிறது, தோலின் தோற்றத்துக்கு மட்டும் அல்ல.

இவ்வளவும் எதிர்ப்பு மண்டலம் ஓயாமல் செய்த வேலை. இதை ‘சக்தி குறைவு’ என்பது நேர்மாறு. ‘சக்தி’ என்றதும் அது கூரைத் தண்ணீர்த் தொட்டியின் மட்டம் மாதிரி, ஏறும் அல்லது இறங்கும் என்று ஆகிவிடுகிறது. உடலின் தாங்கும் ஆற்றல் என்ற பொருளில் மலாயில் சொல்லும் ‘டாயா தாஹான் பாடான்’ அந்த எண்ணத்துக்கு ஒத்தாசை செய்கிறது. ஆனால் இந்த நோய்க்குத் தரும் மைக்கோஃபீனோலேட் மாத்திரை, நாளுக்கு 2 முதல் 3 கிராம் வரை, எதிர்ப்பு மண்டலத்தை அடக்கத்தான் கொடுக்கப்படுகிறது. ‘எனக்குச் சக்தி குறைவு’ என்று நம்புகிறவர், மாத்திரைத் தாளில் ‘எதிர்ப்பாற்றலைக் குறைக்கும்’ என்று படித்தால் அதை விழுங்குவாரா? சக்தி கூட்டும் டானிக்கையோ ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்தையோ நாடுவார். ஜாமுப் பொட்டலங்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டெராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டு எச்சரித்திருக்கிறது. இந்த நோயில், அதுவும் தோல் வேகமாக இறுகிவரும் கட்டத்தில், நாளுக்கு 15 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்கு நிகரான அளவைத் தாண்டிய ஸ்டெராய்டு சிறுநீரக நெருக்கடிக்கு வழி திறக்கலாம். இரத்த அழுத்தம் திடீரென்று ஏறும், சில நாட்களில் சிறுநீரகம் செயலிழக்கும். எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் இவ்வகை நோயின் சரியான பெயர் தன்னெதிர்ப்பு நோய். தன்னைத் தானே எதிர்ப்பது என்பதில் கூடக் குறைய ஒன்றும் இல்லை.

நம் நாட்டில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதற்கு மேல் அறிவியல் மலாயிலோ ஆங்கிலத்திலோதான். உயிரியலைத் தமிழில் படித்திராத மொழிபெயர்ப்பாளர் அகராதியின் முதல் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார். அவர்மேல் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அச்சுக்குப் போகுமுன் ஒரு வாத நோய் மருத்துவமனைத் தாதியிடமோ ஒரு நோயாளியிடமோ வாசித்துக் காட்ட ஐந்து நிமிடம் போதும். அதைக்கூடச் செய்யாததற்கு மன்னிப்பு இல்லை.

துண்டறிக்கை எழுதுவோர் முதல் வரியில் ‘ஸ்க்ளெரோடெர்மா எனும் தோல் இறுக்க நோய்’ என்று எழுதுங்கள். மருந்துச் சீட்டிலும் சந்திப்பு அட்டையிலும் ஸ்க்ளெரோடெர்மா என்ற பெயர்தான் இருக்கும், ஆகவே அதை விடக்கூடாது. உள்ளுறுப்புகளைத் தொட்டிருந்தால் ‘உடல் தழுவிய இறுக்க நோய்’. தோலில் ஓரிரு திட்டுகளோடு நிற்கும் மார்ஃபியாவுக்குத் ‘திட்டு இறுக்கம்’. இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால், திட்டு மட்டும் உள்ளவர் நுரையீரலுக்கு அஞ்சி உறக்கம் இழப்பார். நுரையீரல் பாதித்தவர் களிம்பு தடவிக்கொண்டு வீட்டிலிருப்பார்.