ஓட்டத்துக்கு அந்தப் பெயர் வேண்டாம்

மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு மாலை. வலைப்பந்து அணிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். "சூசைட், நாலு தரம்!" என்று குரல் கொடுத்தேன். ஆங்கிலத்தில் தற்கொலை என்று பொருள், ஆனாலும் இந்த ஓட்டத்துக்குப் பயிற்றுநர்கள் பலர் வாயில் புழங்கும் பெயர்தான். முதல் கோட்டைத் தொட்டுத் திரும்ப வேண்டும், பிறகு இரண்டாவதை, பிறகு கடைசியை. 30.5 மீட்டர் நீளத் திடலில் ஒரு தரம் ஓடி முடிக்க ஏறக்குறைய 122 மீட்டர்.

அணியிலேயே வேகமான பிள்ளை அன்று ஓடவில்லை. குனிந்து சப்பாத்து லேஸை அவிழ்த்தாள், கட்டினாள், மறுபடியும் அவிழ்த்தாள். கணுக்காலைப் பிடித்துப் பார்த்தேன். "காலுக்கு ஒன்றுமில்லை மிஸ்" என்றாள், முகத்தை நிமிர்த்தாமலே. கலைந்து போகும்போது தோழி சொன்னாள்: அவளுடைய அண்ணன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர். அந்தக் கிழமைதான் ஆண்டுத் திவசம்.

போரையும் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் கண்ட கரை இது. இங்கே விசிலுக்கு அடுத்த சொல்லாகச் சாவை எதற்காக உச்சரிக்க வேண்டும்? மறுநாளே பலகையில் "கோட்டோட்டம்" என்று எழுதினேன். என்ன செய்ய வேண்டுமென்பது பெயரிலேயே இருக்கிறது.

ஜிம்மில் வேறொரு பெயர் உடலையே கெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். தோள் நோவோடு வந்த மீனவர் ஒருவருக்கு முழங்கால் ஊன்றிய புஷ்அப் கொடுத்தேன். கைகளில் விழும் பாரம் உடல் எடையில் ஏறக்குறைய பாதிதான். கால்விரல் ஊன்றினால் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு ஏறிவிடும். "அண்ணன் பொம்பிளைப் புஷ்அப் எடுக்கிறார்" என்று பக்கத்தில் இளைஞர்கள் சிரித்தார்கள். அவர் ஒன்றும் பேசாமல் காலை நீட்டி முழு புஷ்அப்புக்குப் போனார். ஆறிவந்த தோள் மறுபடியும் நொந்தது. வலை இழுக்க முடியாமல் இரண்டு கிழமை வீட்டில் இருந்தார். அந்தச் சிரிப்பில் அங்கே பயிற்சி செய்த பெண்களுக்கும் அவமதிப்பு இருந்தது.

மல்லாந்து படுத்துப் பாரம் தூக்கும் பெஞ்ச் பிரஸில் கம்பியைப் பெருவிரல் சுற்றாமல் பிடிப்பதற்கும் அதே "சூசைட்" பெயர். இளைஞர்களுக்கு அது வீரமாகப் படுகிறது. "பெருவிரல் சுற்றாத பிடி" என்றால் எதைத் திருத்த வேண்டுமென்று உடனே விளங்கும். எல்லாப் பெயர்களையும் மாற்றச் சொல்லவில்லை. ஒரு காலைப் பின்னால் உயர வைத்துக் குந்தும் பல்கேரியன் ஸ்குவாட் அப்படியே இருக்கட்டும், அது யாரையும் நோகடிப்பதில்லை.

பயிற்சியில் ஒரு பிள்ளை ஒதுங்கி நின்றால் எல்லோர் முன்னும் துருவிக் கேட்காதீர்கள். பிறகு தனியே போய்ப் பக்கத்தில் இருங்கள். இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 தொலைபேசி இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். எங்கள் பலகையில் கோட்டோட்டத்துக்குக் கீழே அந்த இலக்கத்தையும் எழுதி வைத்திருக்கிறோம்.