டிபெண்டென்சி: சார்வதா, தாங்குவதா?

ஒரு நிறுவனத்தின் விற்பனை, கணக்கு போன்ற வேலைகளைப் பார்க்கும் ஓடூ என்ற மென்பொருளில் எந்தக் கூறின் (மாட்யூலின்) அடைவை, அதாவது ஃபோல்டரைத் திறந்தாலும் உள்ளே மேனிஃபெஸ்ட் என்ற சின்னக் கோப்பு ஒன்று இருக்கும். கூறின் பெயர், பதிப்பு, உரிமம் எல்லாம் அதில் வரிவரியாக எழுதியிருக்கும். நடுவில் 'டிபெண்ட்ஸ்' என்று ஒரு வரி வரும். அதற்கு எதிரே சதுர அடைப்புக்குறிக்குள் வேறு சில கூறுகளின் பெயர்கள். அந்தப் பெயர்களைத்தான் எல்லோரும் 'டிபெண்டென்சி' என்கிறார்கள். இதைத் தமிழில் 'சார்பு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் வழக்கம் இருக்கிறது. அது எனக்குப் போதவில்லை.

முதலில் ஓடூவைப் பற்றிக் கொஞ்சம். பெல்ஜியத்தில் ஃபேபியன் பின்கர்ஸ் 2005இல் டைனிஈஆர்பி என்ற பெயரில் தொடங்கியது. 2008இல் ஓபன்ஈஆர்பி ஆனது, 2014இல் ஓடூ ஆனது. விற்பனை, கொள்முதல், சரக்கிருப்பு, கணக்கு என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிக் கூறு. இவை எல்லாம் இருக்கும் அடைவுக்கு 'ஆட்ஆன்ஸ்' என்று பெயர். ஆட்ஆன் என்றதும் மேலே ஒட்டிக்கொள்ளும் உபரிப் பொருள் என்று நினைப்போம். உலாவியில் வரும் செருகுநிரல் அப்படிப்பட்டதுதான். எடுத்துவிட்டாலும் உலாவி ஓடும். ஓடூவில் கணக்கே ஓர் ஆட்ஆன், விற்பனையும் ஓர் ஆட்ஆன். ஆகவே இங்கே துணைநிரல், நீட்சி என்ற சொற்கள் பொருந்தா. 'கூறு' என்பதே சரி. மாட்யூல் என்ற சொல்லுக்கு லத்தீனில் 'சிற்றளவு' என்று பொருள். ரோமானியக் கட்டடக் கலையில் கோயிலின் மற்ற அளவுகளையெல்லாம் கணக்கிட எடுத்துக்கொண்ட அடிப்படை அளவுக்கு அந்தப் பெயர். முழுமையின் ஒரு பங்கு என்ற கருத்து 'கூறு' என்பதிலும் இருக்கிறது.

அப்புறம் டிபெண்டென்சி. லத்தீனில் 'தே' என்றால் கீழே, 'பெந்தேரே' என்றால் தொங்குவது. கழுத்துச் சங்கிலியில் தொங்கும் பென்டன்டும் இதே வேரிலிருந்து வந்ததுதான். இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு கீழே தொங்குவதே டிபெண்டென்சி. பழைய ஆங்கில வழக்கில் ஒரு பேரரசை அண்டியிருக்கும் சிறு நிலப்பகுதிக்கு இந்தப் பெயர் உண்டு. அங்கே திசை சரியாக இருந்தது. மென்பொருளுக்கு வந்ததும் சொல் தலைகீழாகிவிட்டது. விற்பனைக்குக் கணக்கு தேவை என்றால், தொங்குவது விற்பனை. ஆனால் டிபெண்டென்சி என்று அழைக்கப்படுவது கணக்கு! தொங்கும் பொருளுக்கான பெயரை ஆணிக்கு வைத்துவிட்டார்கள். புதிதாக வருபவர்கள் குழம்புவதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

மும்பையில் உருவான, ஓடூவைப் போன்ற இன்னொரு மென்பொருளான ஈஆர்பிநெக்ஸ்டில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே அதே வேலையைச் செய்யும் வரிக்குத் 'தேவைப்படும் செயலிகள்' என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். 14ஆம் பதிப்பில் பணியாளர், சம்பளப் பகுதிகளைத் தனிச் செயலியாகப் பிரித்தபோது, அந்தச் செயலி தனக்குத் தேவையானது ஈஆர்பிநெக்ஸ்ட் என்று அந்த வரியில் குறித்துக்கொண்டது. எது எதன்மேல் நிற்கிறது என்று படித்தவுடனே புரிகிறது.

தமிழில் 'சார்' என்பது தொங்குவதைக் குறிக்காது. சாய்வது, அண்டியிருப்பது என்ற பொருள். நம் இலக்கணத்தில் இதற்கு அழகான இடம் உண்டு. உயிரும் மெய்யும் முதலெழுத்து. அவற்றைச் சார்ந்து வருபவை சார்பெழுத்து. தொல்காப்பியம் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என மூன்றைச் சொல்கிறது. நன்னூல் பத்தாக விரிக்கிறது. 'அஃது' என்ற சொல்லில் ஆய்தத்தைப் பாருங்கள். முன்னால் குறில் வேண்டும், பின்னால் வல்லின உயிர்மெய் வேண்டும். இரண்டும் இல்லாமல் அதற்கு இடமே இல்லை. இங்கே சார்பு என்ற பெயர் சார்ந்திருப்பதற்கே கொடுக்கப்பட்டிருக்கிறது, தாங்குவதற்கு அல்ல. இலக்கணம் படித்த ஒருவரிடம் 'கணக்கு என்பது விற்பனையின் சார்பு' என்று சொன்னால், கணக்குதான் விற்பனையை நம்பியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார். நேர் எதிர்ப்பொருள்.

இன்னொரு தடையும் உண்டு. பள்ளிக் கணக்குப் பாடத்தில் 'உறவுகளும் சார்புகளும்' படித்திருப்போம். அங்கே சார்பு என்றால் ஃபங்ஷன். நிரலிலும் ஒரு வேலையைச் செய்து தரும் நிரல்துண்டுக்கு ஃபங்ஷன் என்றே பெயர். நிரல் எழுதுபவர் ஒருவரின் கட்டுரையில் 'இந்தச் சார்பை அழைக்கவும்' என்று வந்தால் எதை எடுத்துக்கொள்வது?

அதனால் நான் இப்படிப் பிரித்து எழுதுகிறேன். இரண்டுக்கும் இடையிலுள்ள உறவு சார்பு. சார்ந்து நிற்பது சார்கூறு. அதைத் தாங்குவது தாங்குகூறு. முதலில் 'முதற்கூறு' என்றுதான் வைத்துப் பார்த்தேன், எழுத்திலக்கணத்தின் இணை அப்படியே கிடைக்கிறதே என்று. ஆனால் ஓட்டுவீட்டை நினைத்துப் பாருங்கள். உத்தரம் தூணின்மேல் நிற்கிறது, கூரை உத்தரத்தின்மேல் நிற்கிறது. உத்தரம் ஒன்றுக்குச் சார்வது, இன்னொன்றுக்குத் தாங்குவது. கணக்குக் கூறும் அப்படித்தான்: விற்பனையைத் தாங்குகிறது, தான் வேறு சிலவற்றைச் சார்ந்திருக்கிறது. எதையும் சாராத ஒன்றைத்தான் முதல் என்று சொல்ல வேண்டும். ஓடூவில் 'பேஸ்' என்ற ஒரு கூறு அப்படி அடியில் இருக்கிறது. முதற்கூறு என்ற பெயரை அதற்குக் கொடுத்துவிட்டேன்.

இந்தப் பிரிவு வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. விற்பனையை நிறுவினால் கணக்குக் கூறும் தானாகவே கூட வரும். விற்பனையை நீக்கினால் கணக்கு அப்படியே இருக்கும். கணக்கை நீக்கினால் விற்பனையும் சேர்ந்து போகும், அதிலுள்ள தரவோடு. ஒரு சோதனைத் தரவுத்தளத்தில் 'மெயில்' என்ற கூறை நீக்கப் போய்ப் பாருங்கள். மின்னஞ்சல்தானே, நமக்கு எதற்கு என்று தோன்றும். உறுதி கேட்கும் பெட்டியில் பொருட்பட்டியல், கணக்கு, விற்பனை, சரக்கிருப்பு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். பொருட்பட்டியல் மெயிலைச் சார்ந்தது, மற்றவை பொருட்பட்டியலைச் சார்ந்தவை. இப்படி வரிசையாகப் போவதைச் சார்புத்தொடர் எனலாம்.

விற்பனைக்கும் சரக்கிருப்புக்கும் நடுவே ஓர் இணைப்புக்கூறு உண்டு. யாரும் அதைத் தேடி நிறுவ வேண்டியதில்லை. இரண்டும் இருந்தால் தானே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆய்தத்தைப் போல இரண்டு பக்கமும் துணை கேட்கும் கூறு.

இரண்டு கூறுகள் ஒன்றையொன்று சார்ந்தால் எதையும் முதலில் ஏற்ற முடியாது. தருக்க நூல்கள் இதை அன்னியோன்னியாசிரயம் என்று குற்றங்களில் ஒன்றாக வைத்திருக்கின்றன. தமிழில் 'ஒன்றையொன்று பற்றுதல்' என்பார்கள். சுழற்சார்பு என்று புதிதாகச் செய்வதைவிட இது எவ்வளவு தெளிவு!

கடைசியாக, கூறுகளுக்கு வெளியே இருப்பவை. ஓடூ எழுதப்பட்ட நிரல்மொழியான பைத்தானின் நூலகம் ஏதாவது தேவையென்றால் அதற்கு மேனிஃபெஸ்டில் தனி வரி உண்டு. இதைப் புறச்சார்பு என்றும், கூறுகளுக்குள் இருப்பதை அகச்சார்பு என்றும் எழுதலாம்; விளக்கவே வேண்டாம். புறச்சார்பில்தான் கவனம் அதிகம் வேண்டும். ஓடூ விலைப்பட்டியலை (பில்லை) பிடிஎஃப் ஆக்குவதற்கு டபிள்யூகேஎச்டிஎம்எல்டுபிடிஎஃப் என்ற தனிக் கருவியை நம்பி வந்திருக்கிறது. அந்தக் கருவியின் மூலநிரல் களஞ்சியம் 2023 ஜனவரியில் மூடிவைக்கப்பட்டது. நிறுவப்பட்ட இடங்களில் கருவி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சேவையகத்தில் அதை ஏற்ற மறந்தால் கூறுகள் எல்லாம் பச்சையாகத் தெரியும், விற்பனை பதிவாகும், பில் மட்டும் அச்சாகாது. அப்போது தேட வேண்டியது தாங்குகூறுகளின் பட்டியலில் அல்ல, புறச்சார்பில்.