1929-ல் தொடங்காத மந்தம்

வரலாற்று விடைத்தாள் திருத்தும்போது ஒரு வரி என்னை விடாமல் துரத்தும். இரு உலகப் போர்களுக்கு நடுவே பிரிட்டனில் வந்த பொருளாதார மந்தத்தைப் பற்றிக் கேட்டால், 'வால் ஸ்ட்ரீட் பங்குச்சந்தை 1929 அக்டோபரில் சரிந்தது' என்றே பலர் ஆரம்பிக்கிறார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் இங்கேதான் வழுக்குகிறார்கள். அமெரிக்காவின் கதையைப் பிரிட்டன் மேல் ஏற்றிவிடுகிறார்கள்.

பிரிட்டனில் சரிவு 1920-21-லேயே வந்துவிட்டது. நிலக்கரி, பருத்தித் துணி, கப்பல் கட்டுதல் எல்லாம் ஏற்றுமதியை நம்பிய தொழில்கள். போருக்குப் பிறகு பழைய சந்தைகள் திரும்பவில்லை. இங்கிலாந்தின் நெசவுப் பகுதியான லங்காஷயரின் துணிக்கு இந்தியாதான் பெரிய சந்தை. இங்கே ஆலைகள் பெருகப் பெருக அங்கே தறிகள் நின்றன. 1925-ல் நிதியமைச்சர் சர்ச்சில், ஒரு பவுண்டுக்கு 4.86 டாலர் என்ற போருக்கு முந்தைய மதிப்பிலேயே பவுண்டை மறுபடி தங்கத்தோடு பிணைத்தார். பவுண்டின் மதிப்பு கூடியதால் வெளிநாட்டில் பிரிட்டிஷ் சரக்கின் விலை ஏறியது. சுரங்க முதலாளிகள் கூலியில் கைவைக்க, 1926 மே மாதம் பொது வேலைநிறுத்தம் வெடித்தது. 1929-ன் அடி விழுந்தது ஏற்கெனவே புண்ணான உடம்பில்.

அடுத்தது சராசரி. 1932-ல் வேலையின்மை சுமார் 22 சதவீதம் என்று எழுதுகிறார்கள். சரி, ஆனால் அது வேலையின்மைக் காப்பீட்டில் இருந்த தொழிலாளர்களின் கணக்கு. விவசாயக் கூலிகள் அதில் வரமாட்டார்கள். இடத்துக்கு இடம் நிலைமையும் வேறு. 1934-ல் வடகிழக்கு இங்கிலாந்தின் கப்பல் கட்டும் ஊரான ஜாரோவில் அந்த விகிதம் சுமார் 68 சதவீதம். லண்டனுக்கு அருகே செயின்ட் ஆல்பன்ஸில் 4-ஐக்கூடத் தொடவில்லை. அதனால் வரைபடம் இல்லாமல் இந்தப் பாடத்தைப் படிக்காதீர்கள் என்று வகுப்பில் கெஞ்சுவேன்.

மந்தத்தில் அரசே செலவு செய்து பொருளாதாரத்தைத் தூக்கவேண்டும் என்ற பொருளியலாளர் கெய்ன்ஸ் பெயரில் மீட்சியை எழுதுவதும் தவறு. அவருடைய பெரிய நூல் 1936-ல்தான் வந்தது. பிரிட்டன் 1931 செப்டம்பரில் பவுண்டைத் தங்கத்தோடு பிணைத்த முறையைக் கைவிட்டது. 1932-ல் இங்கிலாந்து மத்திய வங்கியின் வட்டி 2 சதவீதமாக இறங்கியது. மலிவான கடனில் வீடு கட்டும் வேலை சூடுபிடித்தது.

ஜாரோ நடைப்பயணத்தையும் மந்தத்தின் அடிமட்டத்தில் வைத்து எழுதுகிறார்கள். கப்பல் தளம் மூடிப்போன அந்த ஊரிலிருந்து சுமார் 200 பேர் வேலை கேட்டு லண்டனுக்கு நடந்தது 1936 அக்டோபரில். நாட்டின் மொத்தக் கணக்கு அப்போது தேறியிருந்தது. அவர்கள் நடந்து சேர்ந்த லண்டனின் ஓரங்களில் வரிசை வரிசையாகப் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன.