புளிக்குப் பதில் எலுமிச்சை சரி, உப்புக்குப் பதில்?

புளி தீர்ந்துவிட்டால் எலுமிச்சை, தேங்காய் இல்லாவிட்டால் பொட்டுக்கடலை, மாவு புளிக்காவிட்டால் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. இப்படிச் சமாளிக்காத வீடே கிடையாது. மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கும் என்னிடமும் அதிகம் வரும் கேள்வி இதுதான்: "இதுக்குப் பதிலா எதைப் போடலாம் மேடம்?" நான் திருப்பிக் கேட்பது இரண்டு. அந்தப் பொருள் சட்டியில் என்ன வேலை பார்க்கிறது? சாப்பிடப் போவது யார்?

புளியையே எடுத்துக்கொள்வோம். புளிப்பு தருவதோடு குழம்புக்கு நிறம் கொடுக்கிறது, கொஞ்சம் கெட்டியாக்குகிறது, கெடாமலும் காக்கிறது. வத்தக்குழம்பு மறுநாளும் நன்றாக இருப்பதில் புளிக்கும் எண்ணெய்க்கும் பெரும்பங்கு உண்டு. எலுமிச்சைச் சாறு புளிப்பை மட்டும்தான் தரும். ரசத்துக்கு அது போதும். ஆனால் அடுப்பை அணைத்த பிறகு பிழிய வேண்டும். கொதிக்கவிட்டால் கசக்கும், வைட்டமின் சி-யும் குறையும். சாம்பாருக்கு நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளியைக் கூடுதலாக வதக்கிப் போட்டு, கடைசியில் கால் மூடி எலுமிச்சை பிழிந்தால் குறை தெரியாது. மாங்காய்ப் பருவத்தில் அந்தக் கவலையும் இல்லை. மீன்குழம்புக்கு மட்டும் எலுமிச்சை வேண்டாம். கன்னியாகுமரிப் பக்கம் போடும் குடம்புளி கிடைத்தால் போடுங்கள். அதைக் கழுவி ஊறவைத்து, துண்டாகவே போட்டு, புளிப்பு போதும் என்றதும் எடுத்துவிடலாம்.

புளிப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. காயையும் பருப்பையும் மெத்தென்று வேகவிடாது. "அரை மணி நேரமா கொதிக்குது, கத்தரிக்காய் இன்னும் நறுக்நறுக்குனு இருக்கு" என்றால், புளித்தண்ணீரை முதலிலேயே ஊற்றியிருப்பீர்கள். முக்கால் பதம் வெந்த பிறகு ஊற்றுங்கள். பருப்போடு தக்காளியைச் சேர்த்துக் குக்கரில் வைப்பவர்களுக்கும் இதேதான். ஆழ்குழாய்த் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பருப்பை வேகவிடாமல் இழுத்தடிக்கும்; நாள்பட்ட பருப்பும் அப்படித்தான். துவரம்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, குடிதண்ணீரில் வேகவைத்துப் பாருங்கள். குக்கரில் விடும் எண்ணெய் நுரை பொங்காமல் பார்த்துக்கொள்ளும். பருப்பை வேகவைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பலர் இங்கேதான் ஆப்ப சோடாவை எடுக்கிறார்கள். பருப்பு குழையும் என்பது உண்மை. கூடவே பருப்பில் உள்ள பி1 வைட்டமினும் அழியும். ஒரு டீஸ்பூன் சோடாவில் சுமார் 1,200 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் வரம்பே 2,000 மில்லிகிராம்தான். உப்பைக் குறைத்துவிட்டேன் என்று சொல்பவர் வீட்டில் இட்லி மாவு, சுண்டல், பஜ்ஜி மூன்றிலும் சோடா விழுந்தால் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்?

இப்போது உப்பு. சமையலறை மாற்றுகளில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான். இந்துப்புக்கு மாறிவிட்டோம், இனி அளவு பார்க்க வேண்டியதில்லை என்று நம்புகிறவர்கள் ஏராளம். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நிறம் வேறு, விலை வேறு, ரத்த அழுத்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான். பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று அச்சிடாத இந்துப்பு என்றால் அயோடினும் கிடைக்காது. கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

அடுத்தது சோடியம் குறைத்த உப்பு. அதில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு கலக்கிறார்கள். 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. வழக்கமான உப்புக்குப் பதிலாகப் பெரியவர்கள் இதைப் பயன்படுத்தலாம் என்று சொன்ன அதே இடத்தில், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் சொல்லியிருக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தவர்களின் உடலிலிருந்து பொட்டாசியம் சரியாக வெளியேறாது. ரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், ரமிப்ரில் போன்ற மாத்திரையோ, ஸ்பைரோனோலாக்டோனோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த உப்பை வாங்கவே கூடாது. யாருக்கு இந்த உப்பு வேண்டும் என்று தேடுகிறோமோ, அந்த பிபி நோயாளிகளில் பலருக்குத்தான் ஆபத்தும் இருக்கிறது. வீட்டில் ஒருவருக்காக வாங்கிய பாக்கெட் மொத்தக் குடும்பத்தின் உப்பு ஜாடிக்குள் போய்விடுகிறது, அதையும் கவனியுங்கள்.

அப்படியானால் உப்புக்கு மாற்று? எலுமிச்சை, மிளகு, வறுத்த சீரகம், பூண்டு, மல்லித்தழை. இவற்றின் காரமும் புளிப்பும் மணமும் சேர்ந்தால் உப்புக் குறைவு நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. பொரியலில் உப்பைக் கடைசியில் தூவினால் குறைந்த அளவே போதும், மேலாக நிற்பதால் சுவை முதலில் தட்டும். குழம்பில் உப்பு கரித்துவிட்டால் உருளைக்கிழங்கு போட்டு எடுக்கச் சொல்வார்கள். கிழங்கு உப்பைத் தனியே பிரித்து உறிஞ்சாது, உப்புக் குழம்பைத்தான் உறிஞ்சும். உப்பில்லாத பருப்போ காயோ தேங்காய்ப்பாலோ சேர்த்து அளவைக் கூட்டுவதே வழி.

சர்க்கரை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி எல்லாமே பெரும்பகுதி சுக்ரோஸ். 100 கிராமுக்குக் கலோரியும் கிட்டத்தட்ட வெள்ளைச் சர்க்கரை அளவுதான். ருசிக்காகப் போடுங்கள், நீரிழிவுக்கு மருந்தென்று போடாதீர்கள். சாதத்துக்குப் பதில் வரகு, சாமை சாப்பிட்டாலும் அதே கதை: நார்ச்சத்து கூடும், நல்லதுதான், ஆனால் மாவுச்சத்து அதிலும் உண்டு, தட்டில் குவித்தால் பயனில்லை. தேன் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு துளிகூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா வித்துக்கள் பச்சிளங்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சு உண்டாக்கும். பாயசத்தில் வெல்லப்பாகை ஊற்றும்போது பால் திரிகிறதா? அடுப்பை அணைத்து, இரண்டையும் கொஞ்சம் ஆறவிட்டுச் சேருங்கள்.

கேக் செய்பவர்களுக்கு: பேக்கிங் பவுடரில் சோடாவோடு அமிலமும் ஸ்டார்ச்சும் கலந்திருக்கும், ஆகவே 1 டீஸ்பூன் பவுடருக்குக் கால் டீஸ்பூன் சோடாவே போதும், கூடவே தயிரோ எலுமிச்சையோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சோப்பு வாடை அடிக்கும். ஒரு முட்டைக்குக் கால் கப் தயிர் போடலாம்.

தேங்காய்க்குப் பதில் முந்திரி, வேர்க்கடலை அரைக்கிறவர்கள், விருந்தாளி வீட்டுக்கு வந்திருந்தால் முதலில் கேட்டுவிடுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை சிலருக்கு மூச்சையே அடைக்கும். குருமாவில் அது கரைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. இதேபோல் யாரும் சந்தேகப்படாத பொருள் பெருங்காயம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பல பிராண்டுகளில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கோதுமை ஆகாதென்று சப்பாத்தியை அடியோடு நிறுத்தியவர் தினமும் ரசத்தில் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். பாக்கெட்டின் பின்பக்கம் படித்து, அரிசி மாவு சேர்த்ததாகப் பார்த்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தாளிக்கும்போது இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டால் போதும். பூண்டு சேர்க்காத வீடென்றால் சீரகத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.